அசையும் புரதங்கள்: மார்ட்டின் கார்ப்ளஸின் ஆய்வுப் பயணம்

மூச்சின் வழியே உட்செல்லும் ஆக்சிஜனை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம் உடலெங்கும் சுமந்து செல்கிறது. தசைகளில் மயோகுளோபின் என்னும் மற்றொரு புரதம் அதனைப் பெற்றுச் சேமித்து வைக்கிறது. பள்ளிப் பாடநூல் அளவில் நாம் அனைவரும் அறிந்த செய்தி இது. எனினும், இந்த எளிய பாடத்தினுள் ஒரு புதிர் மறைந்திருந்தது. ஜான் கெண்ட்ரூவும் மேக்ஸ் பெரூட்ஸும் எக்ஸ் கதிர்களின் துணையுடன் இவ்விரு புரதங்களின் அமைப்பைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்றனர். மயோகுளோபினின் அமைப்பைக் கூர்ந்து நோக்கியபோது, ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் இரும்பு அணு புரதத்தின் உட்புறத்தே புதைந்து கிடப்பது தெரிந்தது. வெளியிலிருந்து அதனைச் சென்றடைய ஆக்சிஜன் நுழையத்தக்க வழி எதுவும் அப்படத்தில் இல்லை! கதவும் சாளரமும் இல்லாத அறைக்குள் விருந்தாளி நாள்தோறும் வந்துபோய்க் கொண்டிருக்கிறார் என்றால், சுவரைப் பற்றிய நமது கருத்தில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும்.

பிழை எங்கிருந்தது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் தலையாயவர் மார்ட்டின் கார்ப்ளஸ் (1930-2024). புரதம் சிலை போன்று உறைந்து நிற்கும் பொருளன்று. அதன் ஒவ்வோர் அணுவும் இடையறாது அசைந்துகொண்டிருக்கிறது. அந்த அசைவை விலக்கிவிட்டு அதன் பணியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே அவரது வாழ்நாள் ஆய்வின் சாரம் எனலாம். இன்று இது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால், 1970களின் தொடக்கத்தில் இதனைக் கணினியில் கணக்கிட முற்பட்டபோது, வேதியியல் துறையினர் இது ஆகாத காரியம் என்றனர். உயிரியல் துறையினரோ, ஆனாலும் பயனற்ற காரியம் என்றனர். அவரே பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது.

வியன்னாவிலிருந்து ஹார்வர்டுக்கு

கார்ப்ளஸ் 1930ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அது மருத்துவர்களும் அறிஞர்களும் நிறைந்த குடும்பம். பாட்டனார் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தானும் மருத்துவராவதே சிறுவனின் கனவாக இருந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவினுள் நுழைந்தது. தாயார் இரு புதல்வர்களையும் அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். தந்தையார் வியன்னாச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்ட அவர், பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் குடும்பத்தினருடன் வந்து சேர்ந்துகொள்ள, அனைவரும் அவ்வாண்டு அக்டோபரில் கப்பல் வழியாக நியூயார்க் சென்றடைந்தனர். எட்டு வயதில் பிறந்த மண்ணையும் பேசிய மொழியையும் இழந்த அகதிச் சிறுவனுக்குப் பாஸ்டன் நகரை அடுத்த பகுதி புதிய ஊராயிற்று.

அங்கே அண்ணன் ராபர்ட்டுக்கு வேதியியல் சோதனைப் பெட்டி கிடைத்தது. தம்பியும் தனக்கொன்று வேண்டும் எனக் கேட்டபோது, வீட்டில் வெடிவைக்க ஒருவரே போதும் என்று கருதியோ என்னவோ, தந்தையார் அவருக்கு ஒரு நுண்ணோக்கியை வாங்கித் தந்தார். அது அவரை உயிரினங்களின் பக்கம் திருப்பியது. அடுத்து பறவைகள். கடற்பறவை இனம் ஒன்றைப் பற்றிய ஆய்வுக்காக 1947இல் அமெரிக்கா முழுமைக்குமான அறிவியல் திறன் தேடல் போட்டியில் வென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த காலத்தில், கண்பார்வையின் வேதியியலை ஆராய்ந்த ஜார்ஜ் வால்ட், ரூத் ஹப்பர்ட் ஆகியோரிடம் பயிற்சி பெற்றார். ஒளி கண்ணில் பட்டதும் விழித்திரையிலுள்ள ரெட்டினல் என்னும் சிறு மூலக்கூறு வடிவம் மாறுகிறது. அம்மாற்றமே பார்வையின் முதற்படி. இந்தச் செய்தி அவருள் ஆழப் பதிந்தது. மீண்டும் இதனைத் தொடுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகும் என்று அவர் அப்போது எண்ணியிருக்க மாட்டார்.

1950இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியல் ஆய்வாளராகவே அவர் சேர்ந்தார். மேக்ஸ் டெல்புரூக் என்னும் புகழ்பெற்ற அறிஞரின் குழுவில், பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்பது குறித்துத் தமது கருத்தை ஒரு கருத்தரங்கில் எடுத்துரைத்தார். டெல்புரூக், தமக்குப் புரியவில்லை என்று மீண்டும் மீண்டும் இடைமறித்தார். பார்வையாளர் வரிசையிலிருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன், தமக்கு நன்றாகவே புரிகிறதே என்று ஒரு சொல் சொன்னார். டெல்புரூக் முகம் சிவந்து அரங்கைவிட்டு வெளியேறினார். அந்த நிகழ்ச்சியோடு அக்குழுவிலிருந்து விலகிய கார்ப்ளஸ், வேதியியல் பக்கம் வந்து, இறுதியில் லைனஸ் பாலிங்கின் மாணவரானார். புரதச் சங்கிலியின் சுருள் வடிவை 1951இல் வெளியிட்டிருந்த பாலிங்கிடம் ஹைட்ரஜன் பிணைப்பு குறித்து ஆராய்ந்து 1953இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆசிரியர் நெடும்பயணம் புறப்படவிருந்தமையால் ஆய்வேட்டைச் சில வாரங்களில் எழுதி முடிக்க வேண்டியதாயிற்று. அது முடிந்ததும் ஆக்ஸ்போர்டில் சார்லஸ் கூல்சனிடம் இரண்டாண்டுகள்.

ஒரு கோணத்தின் கதை

1955இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற இளம் ஆசிரியர், உயிரியலை நேரடியாகத் தொடவில்லை. தம் கைக்கு எட்டும் சிறு மூலக்கூறுகளையே தேர்ந்துகொண்டார். அக்காலத்தில் அணுக்கரு காந்த ஒத்திசைவு என்னும் முறை வேதியியலாளர்களிடையே பரவத் தொடங்கியிருந்தது. ஒரு மூலக்கூறிலுள்ள இரண்டு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றன் இருப்பை மற்றொன்று உணர்வதை இம்முறையால் அளந்தறியலாம். அருகருகே உள்ள இரு கார்பன் அணுக்களில் ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன் இருப்பதாகக் கொள்வோம். நடுவிலுள்ள பிணைப்பை அச்சாகக் கொண்டு அவ்விரு ஹைட்ரஜன்களும் எவ்வளவு கோணத்தில் திரும்பியுள்ளனவோ, அதற்கேற்ப அந்த உணர்வின் வலிமை மாறுகிறது. செங்கோணத்தை ஒட்டி மிகக் குறைவு; நேர் எதிராக நிற்கும்போது மிக அதிகம். இத்தொடர்பைக் குவாண்டம் கோட்பாட்டின் வழியே 1959இல் அவர் சமன்பாடாக்கித் தந்தார். கார்ப்ளஸ் சமன்பாடு என்று அது இன்றளவும் வேதியியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்பிக்கப்படுகிறது.

இவ்விடத்தில் சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆய்வையும் சேர்த்து நோக்குவது பொருத்தமாகும். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன், தம் உடன் ஆய்வாளர்கள் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் இரண்டு திருப்புகோணங்கள் உள்ளன. அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமெனில் அக்கோணங்கள் எந்தெந்த எல்லைக்குள் அமையலாம் என்பதை அவர்கள் ஒரு வரைபடமாக்கினர். இராமச்சந்திரன் வரைபடம் என உலகம் அறிவது இதனையே. அவ்விரு கோணங்களுள் ஒன்றனை, கரைசலில் மிதக்கும் புரதத்தில் அளந்தறிய உதவும் கருவிகளுள் ஒன்று கார்ப்ளஸ் சமன்பாடு. ஒருவரையொருவர் நோக்கிச் செய்யப்படாத இரு பணிகள் பின்னாளில் ஒரே ஆய்வுக்கூட மேசையில் வந்து சேர்ந்தன.

அதே 1963இல் கார்ப்ளஸ் மற்றொரு கட்டுரையையும் எழுதினார். தமது சமன்பாட்டைக் கொண்டு ஓரிரு பாகை துல்லியத்தில் கோணத்தைக் கணக்கிட்டுவிடலாம் என நம்புவோர், அதன் விளைவுக்குத் தாமே பொறுப்பு என்று அதில் எச்சரித்தார். தம் பெயரைத் தாங்கிய சமன்பாட்டைப் பிறர் அளவுமீறி நம்புவதைத் தாமே முன்வந்து தடுத்த அந்த நேர்மை, அவரது பிற்கால ஆய்வுகளை எடைபோடுவதற்கும் நமக்கு உதவும். எதனைச் சேர்க்க வேண்டும், எதனை விட்டுவிடலாம், விட்டதனால் என்ன பிழை வரும் என்னும் மூன்று கேள்விகள் அவரிடம் எப்போதும் உடனிருந்தன.

நியூட்டன் போதுமா?

1960இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு மாறியபின், ஓர் ஹைட்ரஜன் அணு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின் மீது மோதும் வினையை ஆராய்ந்தார். வேதியியலில் இதைவிட எளிய வினை இல்லை. பங்கேற்பவை மூன்றே அணுக்கள். போர்ட்டர், சர்மா ஆகியோருடன் 1965இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது, ஆனால் தொலைநோக்குடையது. அணுக்களுக்கிடையிலான விசைகளைக் குவாண்டம் கோட்பாட்டிலிருந்து பெற வேண்டும் என்பது உண்மையே. ஆனால், அவ்விசைகளைப் பெற்றபின், அணுக்கள் எவ்வாறு நகர்கின்றன என்பதைக் கணக்கிட முந்நூறு ஆண்டுப் பழைமையான நியூட்டனின் இயக்க விதிகளே பெரும்பாலும் போதுமானவை. மூன்று அணுக்களுக்கு இது பொருந்துமானால், மூவாயிரம் அணுக்களுக்கு ஏன் பொருந்தாது? அக்கேள்விதான் அவரைப் புரதத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

1966இல் ஹார்வர்டுக்குத் திரும்பினார். 1969இல் விடுப்பெடுத்து, ரெஹோவோட்டிலுள்ள வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் ஷ்நியோர் லிஃப்சனின் குழுவில் சில மாதங்கள் தங்கினார். மூலக்கூறுகளின் ஆற்றலை எளிய சூத்திரங்களால் கணக்கிடும் முறையை அக்குழுவினர் வகுத்துக் கொண்டிருந்தனர். பிணைப்பு ஒவ்வொன்றையும் ஒரு சுருள்வில்லாகவும், அணு ஒவ்வொன்றையும் மின்னூட்டம் தாங்கிய சிறு உருண்டையாகவும் கொள்வது அம்முறை. விசைப்புலம் என்பது அதன் பெயர். பின்னாளில் அவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆரியே வார்ஷெலும் மைக்கேல் லெவிட்டும் அங்கு பயிற்சி பெற்ற இளைஞர்களே.

சுருள்வில்லுக்கு ஒரு குறை உண்டு. அது நீளும், சுருங்கும். ஆனால் அறுந்து மற்றொன்றாக மாறாது. வேதிவினை என்பதோ பிணைப்புகள் அறுந்து புதியவை தோன்றுவதே. ஒளி பட்டதும் ரெட்டினல் உருமாறுவதையும் வில்லைக் கொண்டு விளக்க முடியாது. எனவே, மாற்றம் நிகழும் சிறு பகுதிக்கு மட்டும் குவாண்டம் கணக்கு, எஞ்சிய பெரும் பகுதிக்கு வில்லும் உருண்டையும் என்னும் கலப்பு முறை உருவாயிற்று. ஹார்வர்டுக்கு வந்த வார்ஷெலும் கார்ப்ளஸும் 1972இல் ரெட்டினல் போன்ற மூலக்கூறுகளுக்கு இதன் தொடக்க வடிவைத் தந்தனர். 1976இல் வார்ஷெலும் லெவிட்டும் லைசோசைம் என்னும் நொதிக்கு அதனை விரித்துப் பொருத்தினர். மாணவப் பருவத்தில் விட்டுச்சென்ற கண்பார்வைச் சிக்கல், புதிய கணிதத்துடன் அவரிடம் இவ்வாறு திரும்பி வந்தது.

ஹீமோகுளோபினும் அவரை ஈர்த்தது. அதன் நான்கு பகுதிகளுள் ஒன்று ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டால் மற்றவை எளிதில் பற்றிக்கொள்கின்றன. இந்த ஒத்துழைப்புக்குப் பெரூட்ஸ் கண்ட அமைப்பு விளக்கத்தை 1972இல் அட்டிலா சாபோவுடன் சேர்ந்து கணித வடிவில் தந்தார். பெரூட்ஸும் வியன்னாவில் பிறந்து வெளியேறியவரே என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. ஐரோப்பா துரத்திய அறிவின் அளவை எவரும் முழுமையாகக் கணக்கிட்டதில்லை.

ஒரு நொடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு

1976இல் பாரிசுக்கு அருகிலுள்ள ஓர்சே நகரில், அணு மற்றும் மூலக்கூறுக் கணக்கீட்டுக்கான ஐரோப்பிய மையம் ஒரு பயிலரங்கை நடத்தியது. அத்தகைய கணக்குகளுக்கு வேண்டிய நேரத்தைப் பெரிய கணினிகளில் பெறுவது அமெரிக்காவிலேயே அரிதாக இருந்த காலம் அது. ஓர்சேயில் அது கிடைத்தது. ஆண்ட்ரூ மெக்கமன், புரூஸ் கெலின் ஆகிய இளம் ஆய்வாளர்களுடன் கார்ப்ளஸ் தேர்ந்துகொண்ட புரதம் மிகச் சிறியது: மாட்டின் கணையத்தில் காணப்படும், டிரிப்சின் நொதியைத் தடுக்கும் புரதம். அதில் 58 அமினோ அமிலங்கள் மட்டுமே உள்ளன. ஹைட்ரஜன் நீங்கலாக அணுக்கள் ஏறத்தாழ 450.

கணக்கின் போக்கு இதுதான். படிகவியல் தந்த அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட வேண்டும். 450 அணுக்களில் இணைகளை மட்டும் எண்ணினாலும் ஒரு இலட்சத்தைத் தாண்டும். அவ்விசையால் ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ ஒரு ஃபெம்டோ வினாடியில், அதாவது ஒரு நொடியை ஆயிரம் இலட்சங்கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கில், எவ்வளவு நகரும் என்று பார்க்க வேண்டும். பிறகு புதிய இடத்திலிருந்து அதே கணக்கு. ஆயிரம் முறை செய்தால்தான் ஒரு பிக்கோ வினாடி கழிந்திருக்கும். அவர்களால் எட்ட முடிந்தது பத்துப் பிக்கோ வினாடிக்கும் குறைவான காலமே. புரதத்தைச் சுற்றி நீர் இல்லை. வெற்றிடத்தில் நிற்பதாகவே கொள்ளப்பட்டது. உயிருள்ள உடலில் எந்தப் புரதமும் அவ்வாறு நிற்பதில்லை என்பதை அவர்களும் அறிவர்.

இத்தனை குறைகளையும் மீறி, 1977இல் 'நேச்சர்' இதழில் வெளியான அக்கட்டுரை ஒரு துறையையே தொடங்கிவைத்தது. புரதத்தின் உட்பகுதி இறுகிய திண்மம் போன்றதன்று. ஏறத்தாழ நீர்மம் போன்று அசைகிறது என்பதை அது காட்டியது. இரண்டே ஆண்டுகளில், 1979இல், மயோகுளோபினையும் லைசோசைமையும் ஆராய்ந்த படிகவியலாளர்கள் எக்ஸ் கதிர்த் தரவுகளிலிருந்தே அணுக்களின் அசைவுகளைப் பிரித்தறிந்து வெளியிட்டனர். அதுவரை படத்தின் மங்கல் என்று கருதிப் புறந்தள்ளப்பட்டவற்றில் பெரும்பங்கு அசைவின் தடயமே என்பது புலனாயிற்று.

தொடக்கத்தில் கண்ட புதிருக்கும் அதே 1979இல் விடை வந்தது. டேவிட் கேஸுடன் சேர்ந்து கார்ப்ளஸ் மயோகுளோபினில் ஆக்சிஜன் செல்லும் பாதையைக் கணக்கிட்டார். புரதம் அசையாப் பொருளாக இருப்பின், இரும்பைச் சூழ்ந்து நிற்கும் பக்கக் கிளைகள் தடுப்புச் சுவர்களாகிவிடும். அவற்றைக் கடக்க ஓர் உயிரினத்தின் வாழ்நாள் போதாது. ஆனால் அக்கிளைகள் ஊசலாடுகின்றன. ஊசலாட்டத்தில் கணநேரம் இடைவெளி தோன்றி மறைகிறது. அந்நேரத்தில் ஆக்சிஜன் உட்புகுகிறது. நிலையான கதவு இல்லை. சுவரின் அசைவே கதவாகிறது. நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் இந்த ஊசலாட்டத்தைச் சார்ந்துள்ளது.

இக்கணக்குகளுக்கெனக் கெலின் தொடங்கிய நிரல், பலர் கைபட்டு வளர்ந்து, 1983இல் 'சார்ம்' என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. முதலில் முன்மொழியப்பட்ட பெயர் 'ஹார்ம்'. ஆங்கிலத்தில் அதற்குத் 'தீங்கு' என்று பொருள். வேதியியலைக் குறிக்கும் எழுத்தொன்றை முன்னே சேர்த்ததும் அது 'கவர்ச்சி' ஆயிற்று. அறிஞர்களும் பெயர்ப் பொருத்தம் பார்க்கிறார்கள்!

ஒரு ஃபெம்டோ வினாடி என்பது அப்போது கணக்கில் மட்டுமே இருந்த அளவு. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கால அளவில் பிணைப்புகள் அறுவதை லேசர் ஒளிகொண்டு நேரில் கண்டு காட்டியவர் எகிப்தின் தமன்ஹூர் நகரில் பிறந்த அஹ்மத் ஸுவைல். இதற்காக 1999இல் வேதியியல் நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றார். கார்ப்ளஸ் பயின்ற அதே கலிபோர்னியக் கழகத்தில், அவருடைய ஆசிரியர் பாலிங்கின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஸுவைல் வகித்தார். அணுக்களின் இயக்கத்தை ஒருவர் எண்களில் பின்தொடர, மற்றவர் அதனை ஒளியில் பிடித்தார். இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும்போதே இத்துறை நம்பகம் பெறுகிறது.

பின்னாளில்

1990களிலிருந்து கார்ப்ளஸ் ஹார்வர்டிலும் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்திலுமாகக் காலத்தைப் பகிர்ந்துகொண்டார். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபியை ஆக்கும் சுழல் பொறி போன்ற புரதம் எவ்வாறு சுழல்கிறது என்பதும், பிற புரதங்கள் சரியாக மடியத் துணைபுரியும் புரதம் எவ்வாறு திறந்து மூடுகிறது என்பதும் அக்கால ஆய்வுகள். 2013இல் வார்ஷெல், லெவிட் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 83. பரிசு, சிக்கலான வேதி அமைப்புகளைப் பல அளவுகளில் ஆராயும் மாதிரிகளுக்காகவே தரப்பட்டது. 1977ஆம் ஆண்டின் இயக்கக் கணக்கு அதில் நேரடியாகக் குறிப்பிடப்படவில்லை. இக்கட்டுரையாளரின் கருத்தில், பிற்கால ஆய்வாளர்களுக்கு அவர் விட்டுச்சென்ற பெரிய செல்வம் அந்த இரண்டாவதுதான்.

அவர் தேர்ந்த புகைப்படக் கலைஞரும் ஆவார். இளமையில் கிடைத்த லைக்கா கேமராவுடன் 1950களிலும் 60களிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எடுத்த வண்ணப்படங்கள் பல்லாண்டுகள் பெட்டியில் உறங்கி, முதுமையில் கண்காட்சிகளாக வெளிவந்தன. மூலக்கூறுகளில் நிலைப்படம் போதாது என்று வாதிட்டவர், மனிதர்களை நிலைப்படத்தில் பிடிப்பதில் மகிழ்ந்தார்.

1977இல் பத்துப் பிக்கோ வினாடியை எட்டாத அதே கணையப் புரதத்தை, 2010இல் இதற்கென்றே கட்டப்பட்ட ஆண்டன் என்னும் கணினியில், நீர் சூழ்ந்த நிலையில், ஒரு மில்லி வினாடி வரை இயக்கிக் காட்டினர். காலம் பத்துக் கோடி மடங்கு நீண்டுவிட்டது. மற்றொரு புறம், அமினோ அமில வரிசையிலிருந்தே புரதத்தின் வடிவை முன்கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் 2020இல் உலகை வியக்கவைத்தது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி அதனை உருவாக்கியோருக்குச் சென்றது. பரிசளிப்பு விழா நடந்து மூன்று வாரங்கள் ஆகும் முன்னரே, டிசம்பர் 28 அன்று, கார்ப்ளஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தமது 94ஆம் வயதில் காலமானார்.

அந்நிரல் தருவதும் அடிப்படையில் ஒரு நிலைப்படமே. மயோகுளோபினின் வரிசையை அதற்குக் கொடுத்தால், கெண்ட்ரூ கண்ட வடிவை ஒத்ததொன்றை அது வரைந்து தரும். ஆக்சிஜன் நுழைவதற்கான வழி அதில் திறந்து கிடக்காது. அவ்வழி எப்போது திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஒரு மருந்து மூலக்கூறு வந்து அமர்ந்தால் அது மூடிக்கொள்ளுமா என்பனவற்றை அறிய விரும்புவோர், ஓர்சேயில் தொடங்கிய அதே கணக்கை, ஃபெம்டோ வினாடி ஃபெம்டோ வினாடியாக, இன்றும் நடத்திக் கொண்டிருக்கின்றனர்.